எழுந்தருளியவரை யார் கவனிப்பது?

களுபோவிலைக்கு வெளியிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் வைத்தியசாலைக்குத்தான் வருகிறார்கள். கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை என்பது அதன் முழுப் பெயர். சனங்களுக்கு அது களுபோவில ஆஸ்பத்திரி. வாட்டில் படுத்திருப்பவரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் சிலர் உடனே வீட்டுக்கு பஸ் ஏறுவதில்லை. அதே ஊரில் இருக்கும் பஞ்சமுக ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிறார்கள். ஒரு கையில் எக்ஸ்ரே உறை, மறுகையில் வெற்றிலை மாலை. சனிக்கிழமை என்றால் வடைமாலைக்கும் கூட்டம் இருக்கும். பூசை மணி அடிக்கும்போது அவர்களுடைய உதடுகள் அசையும். "நாளைக்குக் காலமை ஒப்பரேஷன். நீங்கள்தான் கூட நிக்க வேணும்." வேண்டுதல் பெரும்பாலும் இவ்வளவுதான்.

கூட நில்லுங்கள் என்று கேட்க வேண்டுமானால், கேட்கப்படுகிறவர் அங்கே இருக்க வேண்டும். அவர் இருக்கிறாரா என்ற ஐயம் அந்த நேரத்தில் அந்த வாசலில் யாருக்கும் எழுவதில்லை. இந்து வழிபாட்டைப் பற்றிப் பேசப் புகுகிறவர்கள் தத்துவத்திலிருந்து தொடங்காமல் இந்த வாசலிலிருந்து தொடங்குவது நல்லது.

இராமகதையில் அனுமன் இலங்கைக்கு வந்தது தூதனாக. திரும்பும்போது நகரத்துக்குத் தீ வைத்துவிட்டுப் போனான். அதே அனுமனை இந்தத் தீவின் மக்கள் கோயில் கட்டி இருத்தி, ஆண்டுதோறும் தேரில் ஏற்றி இழுக்கிறார்கள். இலங்கையில் ஆஞ்சநேயருக்கென்று எழுந்த முதல் கோயில் இந்தக் களுபோவிலைக் கோயில்தான் என்று அடியார்கள் பெருமையோடு சொல்வதுண்டு. கிழக்கே அனுமன், தெற்கே நரசிம்மர், மேற்கே கருடன், வடக்கே வராகர், மேல்நோக்கி ஹயக்கிரீவர் என்று ஐந்து முகங்கள். எந்தத் திசையிலிருந்து வந்து நின்றாலும் ஒரு முகம் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது அந்த வடிவம் தரும் ஆறுதல். அனுமனைப் பற்றி இன்னொரு நம்பிக்கையும் உண்டு. இராமன் கதை எங்கே சொல்லப்படுகிறதோ அங்கே அவர் வந்து அமர்ந்துவிடுவார். அதனால் இராமாயணம் வாசிக்கும் இடத்தில் ஒரு மணையை வெறுமையாக விட்டுவைப்பது பழைய வழக்கம். அதில் யாரும் உட்காருவதில்லை. கூட்டம் நெருக்கியடித்தாலும் அந்த இரண்டு சாண் இடத்தைப் பிள்ளைகள்கூட மிதிக்காமல் சுற்றிப் போவார்கள்.

அந்த வெறும் மணையில் இந்து வழிபாட்டின் சாரம் முழுவதும் இருக்கிறது. தெய்வம் அழைத்தால் வரும். வருகிறவருக்கு இடம் ஒதுக்க வேண்டும். வந்த பிறகு அவரைக் கவனிக்க வேண்டும். இந்த மூன்றில் மூன்றாவதைத்தான் இன்றைய கொழும்புக் கோயில்களில் பலர் மறந்துகொண்டு வருகிறார்கள்.

கல்லைக் கும்பிடுகிறவர்கள் என்ற ஏளனம் புதிதல்ல. மிஷனரிமார் சொன்னார்கள், அவர்களுக்கு வெகுகாலம் முன்பே நம் சித்தர்கள், இன்னும் கடுமையான தமிழில், கல்லைச் சுற்றி வந்து மந்திரம் முணுமுணுக்கிறவர்களைக் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பண்டிதர்கள் எழுதிய மறுமொழிகள் நூலகங்களில் இருக்கின்றன. வீட்டுப் பெண்கள் அதற்குச் சொல்லும் விடை மஞ்சளில் இருக்கிறது.

வெள்ளவத்தையின் ஏதோவொரு தொடர்மாடியில் ஒரு பூசை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். புதுமனை புகுதலாக இருக்கலாம், பிள்ளைக்கு ஏடு தொடக்குவதாக இருக்கலாம். முதலில் ஒரு வெற்றிலையின் மேல் மஞ்சள்மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரல் நுனியால் கூம்பாகப் பிடித்து, தலையில் ஓர் அறுகம்புல்லைக் குத்துவார்கள். அது பிள்ளையார். சற்று முன்வரை அலுமாரித் தட்டில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள். பிள்ளையாரை அதில் எழுந்தருளும்படி அழைப்பது ஆவாகனம். பூவும் நீரும் நைவேத்தியமும் கொடுத்து, வேலை தடையின்றி முடிய வேண்டும் என்று கேட்பார்கள். எல்லாம் முடிந்ததும் "யதாஸ்தானம்" என்று சொல்லி மெல்ல வடக்கே நகர்த்தி வைப்பார்கள். வந்த இடத்துக்குத் திரும்பிப் போய்வாருங்கள் என்பது அதன் பொருள். மறுநாள் அந்த மஞ்சளை நீரில் கரைத்துத் துளசிக்கோ கிணற்றடி மரத்துக்கோ ஊற்றிவிடுவார்கள்.

இதைச் செய்யும் அம்மாவிடம் போய், மஞ்சள் கடவுளாகுமா என்று கேட்டால் அவர் குழம்பமாட்டார். கடவுள் மஞ்சள் ஆனார் என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. அழைத்தார், வந்தார், இருந்தார், போனார். ஒரு மணி நேரம் அந்தப் பிடிமஞ்சள் அவருக்கு இருக்கையாக இருந்தது.

பெரிய கோயிலிலும் நடப்பது இதுவே; அளவுதான் வேறு. கோயிலைத் திருத்திக் கட்ட வேண்டி வரும்போது முதலில் பாலஸ்தாபனம் செய்வார்கள். மூலவரில் இருக்கும் தெய்வ ஆற்றலைக் கும்பநீருக்கு அழைத்து, அங்கிருந்து ஒரு பலகைக்கோ படத்துக்கோ சிறிய விக்கிரகத்துக்கோ மாற்றி, தற்காலிகமான ஓரிடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். அந்த மாதங்களில் மூலஸ்தானத்துக்குப் பூசை கிடையாது. மேசன்மார் சாரம் கட்டுவார்கள், உளி விழும், சீமெந்துத் தூசு பறக்கும். நேற்றுவரை யாரும் கிட்டப் போகாத சிலையைச் சாக்கால் மூடி வைத்திருப்பார்கள். கல் எப்போது வெறும் கல், எப்போது அப்படியல்ல என்பது இந்த மரபுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கல்லையும் கடவுளையும் பிரித்தறியாதவர்கள் இப்படி ஒரு சடங்கை ஏற்படுத்தியிருக்க முடியாது.

திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் வரும். புதுச் சிலையென்றால் நீரில் கிடத்துவார்கள், நெல்லில் கிடத்துவார்கள், பிறகு படுக்கையில் கிடத்துவார்கள். பீடத்தில் நிறுத்தி அட்டபந்தன மருந்து சாத்துவார்கள். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துக் குழைத்த பசை அது. இளஞ்சூட்டில் மெழுகுபோலக் கையில் வளையும். ஆறினால் கல்லோடு கல்லாகும். யாகசாலையில் கும்பங்களுக்குள் தெய்வம் காத்திருக்கும். கும்பநீர் ஊற்றப்படும் நேரத்தில்தான் சிலைக்குள் எழுந்தருளுவார்.

இதற்கிடையே ஒரு நாள் எண்ணெய்க்காப்பு வரும். இலங்கைத் தமிழர்களுக்கு அந்த நாளின் அருமை தெரியும். மற்ற நாட்களில் குருக்கள் தவிர யாரும் நுழைய முடியாத கருவறைக்குள் அன்று எல்லாரும் போகலாம். மீன் விற்கிறவரும், வங்கி மனேஜரும், கைத்தடியோடு வரும் ஆச்சியும், தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தையும் வரிசையில் நின்று, நல்லெண்ணெயைத் தொட்டுத் தங்கள் கையாலேயே மூர்த்தியின் மேல் பூசுவார்கள். பாதத்தைத் தொட்டதும் அழுதுவிடுகிறவர்கள் அநேகர். முப்பது வருடம் தூரத்திலிருந்து பார்த்த முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர்ந்த, வழுவழுப்பான கல்லின் ஸ்பரிசத்தைச் சாகும்வரை மறக்காதவர்கள் இருக்கிறார்கள்.

இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஆகமக் கணக்குப்படி அந்த நேரத்தில் தெய்வம் யாகசாலைக் கும்பத்தில் இருக்கிறது. கல்லுக்குள் இன்னும் வரவில்லை. சாதாரண மனிதன் சாமியைத் தொட வாய்க்கும் ஒரே நாளில் அந்தச் சிலை காலியாகத்தான் இருக்கிறது. அதனால் அந்தக் கண்ணீர் வீணாகிவிடுமா? இல்லை. விருந்தாளி வருவதற்கு முதல்நாள் வீட்டைக் கூட்டி மெழுகுகிறவருக்கு வரும் நெகிழ்ச்சி அது. வரப்போகிறவருடைய இருக்கையைத் துடைக்கக் கிடைத்த வாய்ப்பு. அழைப்பு குருக்களுடையதாக இருக்கலாம். வரவேற்பு ஊருடையது என்பதை எண்ணெய்க்காப்பு போல உணர்த்தும் சடங்கு வேறில்லை. தமிழ்நாட்டில் அருமையாகவே காணக் கிடைக்கும் இந்தப் பொதுமையை இலங்கைக் கோயில்கள் காப்பாற்றி வைத்திருப்பது பெரிய காரியம்.

கண் திறப்பதும் இந்த வரிசையில் வருவதுதான். சிற்பி எல்லா வேலையும் முடித்துக் கடைசியில் ஊசிமுனையால் விழியைக் கீறுவதை நயனோன்மீலனம் என்பார்கள். திறந்த கண் முதலில் பார்க்க வேண்டியவை பசுவும் கன்றும், கண்ணாடி, தானியம், சுமங்கலிகள், கன்னிப் பெண்கள். பார்க்கப்படுவதற்கு முன் தெய்வம் பார்க்கத் தொடங்குகிறது. சிங்களச் சிற்பிகளிடமும் இதே சடங்கு நேத்திர மங்கல்யம் என்ற பெயரில் இருந்தது. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தன் நூலில், கண் வைக்கும்வரை சிலையைப் பட்டறையில் சாதாரண உலோகத்துண்டு போலத்தான் போட்டு உருட்டுவார்கள் என்று பதிவு செய்திருக்கிறார்.

அதை விரிவாக எழுதியவர் கொழும்பில் பிறந்த ஒரு தமிழர். 1877இல் கொள்ளுப்பிட்டியில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அந்தச் சடங்கை வருணிக்கிறார். கைவினைஞன் சிலையை நேருக்கு நேர் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே விழியை வரைவான். முடிந்ததும் அவன் கண்ணைக் கட்டி வெளியே அழைத்துப் போய், அவன் பார்வை முதலில் படும் பொருளை வாளால் வெட்டச் செய்வார்கள். அவன் கையாலேயே செதுக்கிய கண், அவனாலேயே தாங்க முடியாத கண்ணாகிவிடுகிறது. கடவுளை மனிதன் செய்கிறான் என்று சொல்கிறவர்கள் இந்தக் கண்கட்டைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

வந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் மரபு வகுத்திருக்கிறது. பதினாறு உபசாரங்கள் என்பார்கள். அவற்றைச் சமஸ்கிருதப் பெயர்களில் கேட்டால் அந்நியமாகத் தோன்றும்; செயலில் பார்த்தால் எந்தத் தமிழ் வீட்டிலும் நடப்பவை. உட்காரச் சொல்வது, கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது, குடிக்கத் தண்ணீர் கொடுப்பது, குளிக்க வைப்பது, மாற்றுத் துணி, சந்தனம், பூ, தூபம், விளக்கு, சாப்பாடு, வெற்றிலை பாக்கு, கடைசியில் வாசல்வரை வந்து வழியனுப்புவது. பூசை என்பது முழுக்க முழுக்க விருந்தோம்பல். மாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கும் மாமாவுக்கு என்ன செய்வார்களோ அதைத்தான் குருக்கள் கருவறையில் செய்கிறார். தெய்வம் இருக்கிறதா என்பதற்கு இந்த மரபு நிரூபணம் தேடவில்லை. வந்தவரிடம் அடையாள அட்டை கேட்காமல் முதலில் செம்பில் தண்ணீர் கொடுக்கிற பழக்கம் அது.

சட்டம்கூட ஒரு கட்டத்தில் இதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இலங்கை வழக்குகளுக்கும் அந்நாளில் இறுதித் தீர்ப்பு வழங்கிய லண்டன் பிரிவி கவுன்சில், 1925இல் கல்கத்தாக் குடும்பமொன்றின் குலதெய்வம் பற்றிய வழக்கை விசாரித்தது. முறை வைத்துப் பூசை செய்கிற உறவினர்கள் விக்கிரகத்தைத் தங்கள் வசதிக்கு இடம் மாற்றலாமா என்பது கேள்வி. அது மேசை நாற்காலி போன்ற உடைமையல்ல, எங்கே இருப்பது என்பதில் அந்தத் தெய்வத்தின் விருப்பத்தையும் மதிக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். பிற்காலத்தில் பத்தூர் நடராசருக்காக லண்டன் நீதிமன்றங்களில் நடந்த வழக்கும் தமிழர் அறிந்ததுதான். 1976இல் தஞ்சைப் பகுதியின் மண்ணிலிருந்து கிளம்பி, கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்த அந்தச் செப்புத் திருமேனியைத் திருப்பிக் கேட்டவர்களின் வரிசையில், பாழடைந்த கோயிலில் எஞ்சியிருந்த சிவலிங்கமும் இடம்பெற்றது. 1991இல் நடராசர் திரும்பி வந்தார்.

கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்திலும் இருப்பு குறைவதில்லை என்பதற்குக் கதிர்காமம் சாட்சி. அங்கே மூலஸ்தானத்தில் தரிசிக்கச் சிலை இல்லை. திரைச்சீலையில் வள்ளி தெய்வானையோடு முருகனை எழுதியிருக்கிறார்கள். திரைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது அங்கே பூசை செய்யும் கப்புறாளைமார் மட்டும் அறிந்தது. திருவிழாவில் யானைமேல் வலம் வருவதும் மூடிய பேழைதான். அடியார் ஒருவரும் உள்ளே பார்த்ததில்லை. ஆனாலும் கிழக்குக் கரை வழியாக, யால காட்டின் ஊடாக, வாரக்கணக்கில் பாதயாத்திரை போகிறவர்கள் அந்தத் திரையின் முன் நின்றதும் போதும் என்கிறார்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் மௌனமாகப் பூசை செய்கிறார். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் மூலவர் வேல். ஆகமப்படி விக்கிரகம் வேண்டும் என்று ஆறுமுக நாவலர் (1822–1879) நல்லூரோடு கடுமையாக முரண்பட்டார். நாவலரின் கவலை நியாயமானது. முறை தளர்ந்தால் எல்லாம் தளரும் என்று அவர் அஞ்சினார். ஆனால் வேலின் முன் கூடுகிற பக்தி அவருடைய கண்டனத்தையும் தாண்டி நிலைத்தது. சிதம்பரத்திலும் திரையை விலக்கினால் தெரிவது பொன் வில்வமாலையும் வெளியும்தான். சிலை, வேல், பேழை, வெளி என்று இருக்கை மாறுகிறது. எல்லா இடத்துக்கும் பொதுவாக இருப்பது, எதிரே நிற்பவரின் முழுக் கவனம்.

கொழும்பில் அந்தக் கவனம் வீதி முழுக்கப் பரவும் நாள் ஆடிவேல். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து வேல் புறப்பட்டுக் கோட்டையைக் கடந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1874இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் விழா. அன்று மக்கள் கோயிலுக்குப் போவதில்லை. கோயில் மக்களிடம் வருகிறது. கடைவாசல்களிலும் வீட்டுவாசல்களிலும் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள். வெள்ளித்தேர் தெருமுனையில் திரும்பும்போது தேங்காய்கள் சிதறும். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் காட்டும் அப்பாக்களில் சிங்களவர்களும் உண்டு. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் வேல் அந்தத் தெருக்களுக்கு வரவில்லை. அந்த ஆண்டுகளில் வெள்ளவத்தையில் ஆடி மாதம் எப்படிக் கழிந்தது என்பதை வயதானவர்களிடம் கேட்க வேண்டும். "சாமி வரேல்லை" என்பார்கள். விழா நடக்கவில்லை என்று சொல்லமாட்டார்கள்.

இவ்வளவு நுட்பமாக வரவேற்கக் கற்ற ஒரு சமூகம், வந்தவர் முன்னால் இப்போது எப்படி நடந்துகொள்கிறது?

திரை விலகுகிறது. தீபாராதனை எழுகிறது. கைகள் மேலே போகின்றன. கூப்புவதற்கு அல்ல, கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடிப்பதற்கு. முன்னால் நிற்கும் ஐந்து திரைகளினூடாகத்தான் பின்னால் நிற்கும் ஆச்சிக்கு அம்மன் தெரிகிறாள். அலங்காரத்துக்குப் பக்கத்தில் நின்று படமெடுக்க மூலவருக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார்கள் இளம் பிள்ளைகள். சாமிக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாக அடியெடுத்து வெளியேறிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். நாதஸ்வரக்காரர் உருகி வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கி உபயகாரரின் பெயரையும் அவர் வாழும் வெளிநாட்டு நகரத்தையும் அறிவிக்கிறது. அருச்சனைத் தட்டுகள் வரிசையில் நிற்க, குருக்கள் பெயர் நட்சத்திரத்தைக் கேட்டு முடிக்குமுன் அடுத்த தட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. சிறப்புச் சீட்டு வாங்கியவர் கம்பிக்கு உள்ளே. வாங்காதவர் தூணுக்குப் பின்னால்.

இதற்குக் குருக்கள்மாரைக் குறை சொல்வது அநியாயம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து குளித்து, ஒரு நாளில் ஆறு காலம் நின்று, ஓமப் புகையில் கண் எரிந்து உழைக்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஊதியம் எவ்வளவு, ஓய்வு உண்டா, பிள்ளைகள் ஏன் இந்தத் தொழிலுக்கு வர மறுக்கிறார்கள் என்று கோபுரத்துக்கு வர்ணம் பூச நிதி சேர்க்கும் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. விருந்தாளியைக் கவனிப்பவரைப் பட்டினி போட்டுவிட்டு விருந்து நடத்த முடியாது.

கைத்தொலைபேசிக்கு ஆதரவாகவும் சொல்ல உண்டு. 2020இல் ஊரடங்கில் கோயில் கதவுகள் அடைபட்டபோது நேரலைதான் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தீபாராதனையைக் கொண்டுபோனது. ரொறன்ரோவில் பனிக்குள் இருக்கும் மகளுக்கு, களுபோவில வாட்டில் எழ முடியாமல் கிடக்கும் தகப்பனுக்கு, அந்தச் சிறிய திரை ஒரு சாளரம். அதை யாரும் பறிக்கத் தேவையில்லை. கோயில் நிர்வாகமே ஓரிடத்தில் ஒரு கமெராவை வைத்து ஒளிபரப்பினால் போதும். வர முடியாதவருக்கு அது உதவும். வந்து நேரே நிற்கிறவர் அதே திரையைப் பார்ப்பதற்குத்தான் காரணமில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் விருந்தாளியிடம் பேசாமல் அவருடைய படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்றது அது.

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்ய உத்தரவிட்டது. இங்கே அதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டாம். நல்லூரைப் பார்த்தால் போதும். பூசை நேரத்தில் மணி பிசகாது. அமைச்சர் வந்தாலும் காத்திருக்காது. அருச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு இன்று யாழ்ப்பாணக் கடையில் ஒரு இனிப்புக்கூட வராது. ஆனாலும் அந்தக் கோயிலுக்கு எந்தக் குறையும் வந்ததாகத் தெரியவில்லை. யார் வந்தாலும் வராவிட்டாலும் வந்திருப்பவருக்குரிய நேரத்தில் உபசாரம் நடக்க வேண்டும் என்பதில் காட்டும் பிடிவாதமே அந்தக் கோயிலின் கம்பீரம்.

கொழும்புக்கும் சொந்த உதாரணம் உண்டு. கொச்சிக்கடையில், செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் மெழுகுதிரியோடு போய் நிற்கும் அந்தோனியார் கோயிலுக்குக் கொஞ்சத் தூரத்தில், பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கிறது. 1850களில் பொன்னம்பல முதலியார் எழுப்பியது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுவதும் கருங்கல்லால் புதுக்கிக் கட்டினார். இராமநாதனும் மேலே சொன்ன ஆனந்த குமாரசுவாமியும் உறவில் மைத்துனர்கள். அந்தக் கோயிலின் தூண்களுக்கு வர்ணம் இல்லை. பகலிலும் உள்ளே அரையிருள். வெளியே துறைமுகத்து லொறிகளின் இரைச்சல். நான்கு தூண்களைத் தாண்டினால் அது அடங்கிவிடும். எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியில் சிவலிங்கம் மெதுவாகத்தான் கண்ணுக்குப் புலப்படும். அப்படி மெதுவாகப் பார்ப்பதற்கென்றே நம் முன்னோர் கருவறையை இருட்டாக வைத்தார்கள். பளிச்சிடும் மின்குமிழ் வரிசையை அங்கே கொண்டுபோய் வைக்க நினைப்பவர்கள், அந்த இருட்டுக்குள் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு முடிவெடுக்கட்டும்.

பெரியபுராணத்தில் பூசலார் கதை வருகிறது. திருநின்றவூரில் காசில்லாத ஓர் அந்தணர், மனத்துக்குள்ளேயே கல் தேடி, தச்சரைக் கூட்டி, நாள் பார்த்து, அடித்தளத்திலிருந்து சிகரம் வரை கோயில் கட்டுகிறார். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். இரண்டும் ஒரே நாள். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அன்று நாம் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் வை என்கிறார். இந்தக் கதையைச் சொல்லிக் கல்லுக் கோயில் வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கதை அதைச் சொல்லவில்லை. மன்னன் கட்டியதை இறைவன் மறுக்கவில்லை. நாளை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். ஒவ்வொரு கல்லாக நினைத்து நினைத்து வைத்த கவனம் முதல் அழைப்பாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

கொழும்புக் கோயில்களின் பரிபாலன சபைகள் செய்யக்கூடியவை அப்படி ஒன்றும் கடினமானவை அல்ல. வாசலில் ஒரு தட்டும் இலக்கச் சீட்டும் வைத்துக் கைத்தொலைபேசிகளை வாங்கி வைக்கலாம். உபயகாரர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, பூசை நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்தலாம். கிழமையில் ஒரு நாள், கூட்டமில்லாத நேரம் பார்த்து, குருக்கள் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து ஒவ்வோர் உபசாரத்தையும் தமிழில் விளக்கிச் சொல்லலாம். இந்தத் தண்ணீர் கால் கழுவ, இந்தப் பூ வரவேற்க, இந்த விசிறி வியர்வைக்கு என்று தெரிந்த பிள்ளை, பிறகு அந்த விசிறி அசையும்போது வேறு பக்கம் திரும்பாது. சிறப்புச் சீட்டு இல்லாமல் நிதி திரட்ட முடியாது என்று சொல்கிற சபைகள் நல்லூர்க் கணக்கை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

இவற்றுள் எதுவும் நடக்காவிட்டாலும், பள்ளியறைப் பூசை உள்ள சிவன் கோயிலொன்றுக்கு இரவு கடைசிப் பூசைக்குப் போகலாம். பகல் முழுவதும் நெரிந்த கூட்டம் போய்விட்டிருக்கும். அதிகம் போனால் ஏழெட்டுப் பேர். சுவாமியின் பாதத்தைச் சிறிய பல்லக்கில் வைத்து, ஒரு வலம் வந்து, அம்பாள் இருக்கும் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். ஊஞ்சலில் அமர்த்தி, யாரோ ஒருவர் ஊஞ்சற் பாட்டை நடுங்கும் குரலில் பாட, குருக்கள் இளஞ்சூடான பாலை நிவேதித்து, விளக்கைத் தாழ்த்தி, கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார். நித்திரைக்குப் போனவரை எழுப்பிவிடக் கூடாதென்று எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தப் பாலில் ஒரு மிடறு உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே வாசல்வரை நடந்து போவார்கள்.